துப்பாக்கியில் தையல் மெஷின் எண்ணெய்

– ஆகவே டெய்லரம்மா, மனுஷ வரலாற்றிலேயே துப்பாக்கியால உயிர் பிழைச்சவன்னு ஒருத்தன்கூடக் கிடையாது. இதை நான் சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லல. ஆராய்ச்சி பண்ணிச் சொல்றேன்.

– எங்க பண்ணினே அந்த ஆராய்ச்சியை?

– இங்கதான். இந்த ஸ்டூல்ல உக்காந்து.

– நான் ஒண்ணும் சொல்லல, தம்பி. ஆனா அதே ஸ்டூல்ல உக்காந்து என் தையல் மெஷினையும் கொஞ்சம் பார்த்திருந்தா, நாப்பது யூனிபார்ம்ல பாதியாவது இந்நேரம் முடிஞ்சிருக்கும். உன் கடையில கொண்டாந்து போட்டு இன்னியோட நாலு நாள்.

– அவசரப்பட்டா நூல் அறும். விஷயத்தைக் கேளுங்க. பயம்னு ஒண்ணு இருக்கே, சயின்டிபிக்கா பார்த்தா அது மெஷின்ல வர்ற சத்தம் மாதிரி. எங்கிருந்து வருதுன்னு பார்த்து ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா போயிடும். எங்கக்கா என்ன பண்ணினா? சத்தம் வருதுன்னு கடைக்குப் போய் அதைவிடப் பெருசா சத்தம் போடற சாமானை வாங்கிட்டு வந்துட்டா.

– எனக்கு அது தப்பாத் தெரியல.

– செமி ஆட்டோமேட்டிக்காம். பாதிதான் தானா வேலை செய்யுமாம். மீதிப் பாதிக்கு ஆள் வெக்கணும்போல. சைஸைப் பார்த்திருக்கீங்களா? என் உள்ளங்கை அளவு. கைப்பைக்குள்ள சீப்பு, கைக்குட்டை, சாவிக்கொத்து, பிஸ்டல். லைசென்ஸ் பாரத்துல 'காரணம்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல 'உயிர் பயம்'னு எழுதியிருக்கா. எங்க குடும்பத்துல இதுவரைக்கும் எந்த பாரத்துலயும் யாரும் உண்மையை எழுதினதே இல்ல. இவதான் முதல் ஆள்.

– இருந்துச்சு, எழுதினா. இதுல என்ன கேலி?

– எனக்கெல்லாம் அந்தக் கட்டம் காலியாத்தான் கிடக்கும். பொறந்ததுல இருந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட நான்…

– தம்பி.

– …பயந்தது கிடையாது. கரண்ட் அடிச்சுத் தூக்கிப் போட்டப்பகூட என்ன பண்ணினேன் தெரியுமா…

– தம்பி, வாசல்ல உங்கக்கா நிக்கறா.

– வா அக்கா! ரத்தம் எடுக்கற ரவுண்டு முடிஞ்சுதா? டீ சொல்லட்டா?

– ஷட்டரைப் பாதி இறக்கு.

– காலையில ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கினா கடையில யாரோ செத்துட்டாங்கன்னு நினைப்பாங்க.

– இன்னும் சாகல. இறக்கு.

– இறக்கியாச்சு. டெய்லரம்மா, நீங்க ஒரு நடை வெளியில போயிட்டு…

– நான் ஒண்ணும் சொல்லல. ஆனா என் மெஷினை உன்கிட்ட தனியா விட்டுட்டு நான் போறதா இல்ல. போன தடவை அப்படித்தான் போனேன். திரும்பி வந்தா கையில ஒரு ஸ்பிரிங்கை வெச்சுக்கிட்டு, 'இது கம்பெனிக்காரன் தேவையில்லாம போட்டது'ன்னே.

– நீங்க இருங்கம்மா. ஒரு ஆள் சாட்சிக்கு இருக்கறது நல்லதுதான். டேய், அந்த சாமானையெல்லாம் தள்ளு. இதை வெக்கணும்.

– அய்யோ, இது நிஜத் துப்பாக்கியா?

– பயப்படாதீங்கம்மா. தோட்டாவையெல்லாம் எடுத்துட்டேன். டேய், மோந்து பாரு.

– ரோஜாப்பூவா இது?

– மோந்து பாருன்னேன்.

– இரும்பு வாசனை.

– அம்மா, நீங்க பாருங்க.

– கொண்டா… அட, இது நம்ம மெஷின் எண்ணெயாச்சே! என் வீட்டுத் தலகாணி வரைக்கும் இந்த வாசனைதானே. சந்தேகமே இல்ல.

– துப்பாக்கிக்கு விடற எண்ணெய் வேற. அது என் அலமாரியில மூடி திறக்காம இருக்கு. இப்ப பதில் சொல்லு. இதுல தையல் மெஷின் எண்ணெய் எப்படி வந்தது?

– சயின்டிபிக்கா பார்த்தா, காத்துல ஈரம் இருக்கறப்போ…

– டேய்.

– சரி, திறந்தேன். ஒரே ஒரு தடவை. மெஷினைப் பார்த்தா என் கை சும்மா இருக்காதுன்னு உனக்கே தெரியும். அஞ்சு வயசுல சுவர்க் கடிகாரத்தைக் கழட்டினவன் நான்.

– அது இன்னிக்கு வரைக்கும் ஓடல.

– அது கடிகாரத்தோட குணம்.

– திறந்தே. அப்புறம்?

– துடைச்சேன். எண்ணெய் விட்டேன். மூடினேன்.

– மூடினப்போ என்ன மிச்சம்?

– எதுக்குக் கேக்கறே?

– இது வேலை செய்யல.

– செய்யலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?

– தெரியும்.

– அக்கா, ட்ரிக்கரை அழுத்திப் பார்த்தாத்தான் அது தெரியும். எப்படித் தெரியும்?

– சுடற பயிற்சிக்குப் போனேன். அங்க பார்த்தேன். போதுமா? கேள்வி கேக்கற முறை இப்ப என்னோடது. என்னடா மிச்சம்?

– மிச்சமில்ல. நானேதான் எடுத்தேன். வேணும்னேதான் எடுத்தேன்.

– என்னத்தை?

– ஊசியை. டெய்லரம்மா, உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். இதுக்குள்ளயும் ஒரு ஊசி உண்டு. ட்ரிக்கரை அழுத்தினா அது பாய்ஞ்சு தோட்டாவோட முதுகுல குத்தும். குத்தினாத்தான் வெடிக்கும். ஊசியைக் கழட்டிட்டா என்ன ஆகும்? உங்க மெஷின் மாதிரிதான். ஓடும், தைக்காது.

– நானும் ஊசி, நீயும் ஊசி, ரத்தம் எடுக்கற இந்தப் பொண்ணும் ஊசி. கடைசியில இந்தச் சனியனுக்குமா?

– எப்போ எடுத்தே?

– இருக்கும், ஒரு மூணு வாரம்.

– மூணு வாரம். கேட்டீங்களாம்மா? மூணு வாரமா நான் விடிகாலை நாலரைக்கு எழுந்து இந்த இரும்புத் துண்டைப் பையில போட்டுட்டுப் போறேன். வெறும் வயித்துல ரத்தம் குடுக்கணும்னு வாயைக் கட்டிட்டு ஒவ்வொரு வீட்டுலயும் காத்துட்டு உக்காந்திருப்பாங்க. எட்டு மணிக்குள்ள பன்னெண்டு வீடு. லிப்ட் இருக்காது. இருந்தா ஓடாது. படியில பல்ப் இருக்காது. ஒவ்வொரு திருப்பத்துலயும் பைக்குள்ள கையை விட்டு இதைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான்டா ஏறுவேன்.

– அதுக்குத்தானே அது? தொட்டா உனக்குத் தைரியம் வருது. அந்தத் தைரியத்தை நான் எடுக்கலையே. ஊசியை மட்டும்தான் எடுத்தேன்.

– நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இந்தப் பதிலுக்கு கன்னம் பழுக்க ஒண்ணு விடலாம்.

– விடுங்கம்மா. இவன் தைரியத்தைப் பத்தி நான் சொல்றேன். எட்டு மாசம் முன்னாடி என் கை உடைஞ்சுதே, எப்படி உடைஞ்சுதுன்னு உங்ககிட்ட என்ன சொன்னான்?

– மழைத் தண்ணியில வழுக்கிட்டான்னு சொன்னான். பாவம்னு நான்கூட…

– அன்னிக்கு மழையே பெய்யலம்மா. படியில ஒருத்தன் பின்னாலயிருந்து ரத்தப் பெட்டியோட வாரைப் பிடிச்சு இழுத்தான். பதினோரு படி இழுத்துட்டுப் போனான். நான் பெட்டியை விடல. அதுக்குள்ள ஒன்பது பேரோட ரத்தம் இருந்தது. கத்தினேன், மேல ஒருத்தர் கதவைத் திறந்தார், அவன் ஓடிட்டான். அவன் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் கண்டுபிடிக்கல. ஆஸ்பத்திரியில மாவுக்கட்டுப் போட்டுட்டு இருக்காங்க, வெளியில இவன் சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போட்டு, 'அக்கா வழுக்கி விழுந்துட்டா, கவலைப்படாதீங்க'ங்கறான்.

– அக்கா, அது எதுக்குன்னா…

– எதுக்கு?

– உண்மையைச் சொன்னா அடுத்த கேள்வி என்ன கேப்பாங்க? 'அந்த நேரத்துல ஒரு பொம்பளை தனியா எதுக்குப் போனா'ம்பாங்க. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?

– 'வேலைக்குப் போனா.' ரெண்டே வார்த்தை. உலகத்துல இருக்கற எல்லாத்தைப் பத்தியும் ரெண்டு மணி நேரம் பேசற வாய்க்கு அந்த ரெண்டு வார்த்தை வரலையா? போலீஸ் ஸ்டேஷனுக்குத் தனியாத்தான் போனேன். அங்க இருந்தவர் என்னைவிட என் தம்பி எங்கன்னுதான் அதிகம் கேட்டார். லைசென்ஸுக்கு ஆறு மாசம் அலைஞ்சேன். முதல் நாள் சுட்டப்போ உடைஞ்ச கை மணிக்கட்டு வரைக்கும் வலிச்சுது. வீட்டுக்கு வந்தா நீ வாசல்ல நின்னு சல்யூட் அடிச்சே. 'ராணுவம் வருது, வழி விடுங்க'ன்னு அம்மாவையும் சிரிக்க வெச்சே.

– சரிக்கா, தப்புதான். ஆனா யோசிச்சுப் பாரு. அவன் ஏதோ திருட்டுப் பய. அன்னியோட போயிட்டான். இப்ப உன்னை யார் என்ன பண்ணினாங்க? பையில துப்பாக்கி இருந்தா பார்க்கறவனெல்லாம் திருடனாத் தெரிவான். யாரோ பாவம் பேப்பர் போட வந்தவனை நீ சுட்டு வெச்சா?

– என்னை ஒருத்தன் தொடர்ந்து வர்றான்.

– யாரு?

– தெரியாது. மூணு வாரமா வர்றான். கருப்பு ஹெல்மெட், கண்ணாடியை எப்பவும் இறக்கித்தான் வெச்சிருப்பான். ஸ்கூட்டர். நான் வண்டியை நிறுத்தினா ஐம்பதடி தள்ளி அவனும் நிறுத்துவான். ஒரு வீட்டுக்குள்ள போய் ரத்தம் எடுத்துட்டு வந்தா தெருமுனையில நின்னுட்டிருப்பான். ஒரு நாள் நான் திரும்பி அவனைப் பார்த்து வண்டியை விட்டேன். சந்துக்குள்ள பூந்துட்டான்.

– பிரமை. கருப்பு ஹெல்மெட் என்ன, ஊருக்கே ஒண்ணுதானா?

– மூணு வாரமா என்கூடவே எட்டு மணி வரைக்கும் சுத்தற பிரமையா?

– இரு, இரு. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா தம்பி, ஊசியை எடுத்து எவ்வளவு நாளாச்சுன்னு சொன்னே?

– அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

– ஆறு மணிக்கு டாண்ணு திறக்கற கடையை மூணு வாரமா நீ எட்டரைக்குத்தான் திறக்கறே. கேட்டா வெயில் ஒத்துக்கலைங்கறே. ஆறு மணிக்கு என்ன வெயில்? நாலு நாளா என் மெஷின் முன்னாடி உக்காந்து நீ கொட்டாவி விட்டதைத் தவிர வேற எந்த வேலையும் நடந்து நான் பார்க்கல.

– வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கு இந்தத் துப்பறியற வேலை?

– டேய். என் முகத்தைப் பாரு.

– நான்தான்.

– என்ன நீதான்?

– அந்த ஹெல்மெட். நான்தான். பக்கத்து பேட்டரி கடைக்காரன் வண்டி. உனக்கு அடையாளம் தெரியக்கூடாதுன்னு கேட்டு வாங்கினேன்.

– நான் ஒண்ணும்… இல்ல, சொல்றேன். டேய், உனக்கு மூளைங்கறது கொஞ்சமாவது இருக்கா?

– மூணு வாரம். நான் சரியாத் தூங்கி மூணு வாரம் ஆச்சு. நேத்து ஒரு குழந்தைக்கு ரெண்டு தடவை குத்தினேன், தெரியுமா உனக்கு? நரம்பு கிடைக்கல. பதினாலு வருஷத்துல எனக்கு அப்படி ஆனதே இல்ல. அந்தக் குழந்தை என்னைப் பார்த்த பார்வை இருக்கே… நீயாடா அது?

– காவலுக்குத்தானே வந்தேன்!

– காவலுக்கு வர்றவன் முகத்தைக் காட்டிட்டு வருவான்!

– எப்படிக் காட்டறது? துப்பாக்கி வாங்கறவன் கோழை, எனக்குப் பயம்னா என்னன்னே தெரியாதுன்னு ஊரெல்லாம் பேசி வெச்சிருக்கேன். 'அக்கா, எனக்கு ராத்திரியெல்லாம் அந்தப் பதினோரு படிதான் கண்ணுல வருது, நானும் கூட வரட்டா'ன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேக்கறது? கேட்டிருந்தா நீதான் விட்டிருப்பியா?

– விட்டிருக்க மாட்டேன். அது வேற. அப்ப ஊசி? தைரியம், பேப்பர் போடறவன்னு என்னென்னவோ பேசினே. ஊசியை ஏன் எடுத்தே?

– நான் உன் பின்னாடி வரணும்னு முடிவு பண்ணிட்டேன். உன் பையில துப்பாக்கி இருக்கு. நான் வேற என்ன பண்ண முடியும்?

– அடப் பாவி! அவ சுட்டுடுவான்னா?

– நீங்க இவ குறியைப் பார்த்ததில்ல டெய்லரம்மா. நான் எட்டாவது படிக்கறப்போ மாடியில இருந்து செருப்பை வீசினா. நான் தெருமுனையில ஓடிட்டிருக்கேன். காதுல பட்டுது.

– எனக்குச் சிரிப்பு வருது. கோவிச்சுக்காதேம்மா. இவனுக்குப் பயந்து நீ துப்பாக்கியைத் தொட்டுட்டே போறே, உனக்குப் பயந்து இவன் ஊசியைக் கழட்டியிருக்கான். நல்ல அக்கா, நல்ல தம்பி.

– நான் பயிற்சிக்குப் போகல.

– என்னம்மா?

– பயிற்சியில பார்த்தேன்னு சொன்னது பொய். இன்னிக்குக் காலையில பார்த்தேன். டேய், என்னைப் பாரு. உன்னை நான் சுட்டேன்.

– அக்கா…

– பேசாதே. அந்த நாலு மாடிக் கட்டடம், மேல் வீட்டு அம்மாவுக்கு நான் தினமும் ரத்தம் எடுக்கணுமே, அங்க. மூணாவது மாடித் திருப்பத்துல இருந்தேன். கீழயிருந்து ஹெல்மெட் ஏறி வந்துச்சு. நில்லுன்னேன். நிக்கல. துப்பாக்கியை எடுத்து நீட்டி மறுபடியும் சொன்னேன், நில்லு, சுட்டுடுவேன். ஒவ்வொரு படியா ஏறி வந்தே. மூணு படி தள்ளி நீ இருந்தப்போ அழுத்தினேன்டா. நெஞ்சைப் பார்த்து அழுத்தினேன். டிக்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடியும் அழுத்தினேன். அப்ப நீ சிரிச்சே.

– நான் சிரிச்சேனா?

– ஹெல்மெட்டுக்குள்ளயிருந்து சிரிச்சே! என் மணிக்கட்டை எட்டிப் பிடிச்சே. இங்க பாரு, இன்னும் சிவந்திருக்கு. மேல் வீட்டுக் கதவு திறந்துச்சு, விட்டுட்டு இறங்கிப் போயிட்டே. எனக்கு விளையாட்டு காட்டினியா? அந்த ஊசி உள்ள இருந்திருந்தா இந்நேரம் நீ அந்தப் படியில பொணமாக் கிடந்திருப்பே. அம்மாகிட்ட போய் நான் என்னன்னு சொல்லியிருப்பேன்? தம்பி வழுக்கி விழுந்துட்டான், கவலைப்படாதீங்கன்னா?

– அழாதேம்மா. இந்தா, தண்ணியைக் குடி. நாலு அறை விட்டுட்டுக் குடி. தம்பி, வாயைத் திறந்து மன்னிப்புக் கேளு. என்ன மரம் மாதிரி நிக்கறே?

– எத்தனை மணிக்கு?

– என்ன?

– எத்தனை மணிக்குக்கா அது நடந்துச்சு?

– அஞ்சே முக்கால். என்ன கேள்வி இது? உனக்குத் தெரியாதா?

– நான் இன்னிக்கு வரல. அலாரம் அடிச்சுது. அணைச்சுட்டுப் படுத்தேன். முழிச்சுப் பார்த்தா ஏழரை.

– டேய், பயத்துல உளறாதே. உன்னை நான் ஒண்ணும் பண்ணல.

– சத்தியமா வரலக்கா. வந்த நாள்லயும் நான் ஒரு படிகூட ஏறினதில்ல. தெருமுனையிலதான் நிப்பேன்.

– அப்ப என் கையைப் பிடிச்சது…

– ஏம்மா, அந்த ஆளுக்கு இப்ப அது வெடிக்காதுன்னு தெரியுமே.

– தெரியும். ரெண்டு தடவை அழுத்தினேனே.

– தம்பி, அந்த ஊசியை எங்க வெச்சிருக்கே?

– சட்டைப்பையில.

– டேய், அதை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல ஸ்டேஷனுக்குப் போகணும்.

– போலாம். ஊசியை மாட்டிட்டு மூணு பேரும் போலாம். என்ன நடந்துதுன்னு இந்தத் தடவை நானே சொல்றேன். டெய்லரம்மா, அந்த டேபிள் லைட்டை இந்தப் பக்கம் திருப்புங்க.

– உனக்குப் பயமா இருக்காடா?

– ஆமா. லைட்டை இன்னும் கொஞ்சம் கிட்ட கொண்டாங்க.